விடுமுறையில் திறந்திருந்த விடுதி: ஈட்டென் இளையோர் ஓட்ட முகாம் விட்டுச்சென்றது என்ன?

கென்யாவின் மேற்குப் பகுதியில், கேரியோ பள்ளத்தாக்கை எட்டிப் பார்க்கும் மலைவிளிம்பில் இருக்கிறது ஈட்டென். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரம். உதகமண்டலத்தைவிடச் சற்று மேலே. செம்மண் பாதைகள், சோளக்கொல்லைகள், ஒரு கடைத்தெரு என்று சிறிய ஊர்தான். ஆனால் நடுத்தூர, நெடுந்தூர ஓட்டத்தில் இந்த ஊரோடு தொடர்புடைய ஒலிம்பிக், உலகப் பதக்கங்களை எண்ணத் தொடங்கினால் பல நாடுகளின் மொத்தக் கணக்கு பின்தங்கிப்போகும்.

இதற்கு இரண்டு காரணங்கள் வழக்கமாகச் சொல்லப்படும். ஒன்று உயரம்: காற்றில் ஆக்ஸிஜன் குறைவு, அதனால் இரத்தத்தின் ஆக்ஸிஜன் சுமக்கும் திறன் கூடுகிறது. மற்றொன்று இங்கு வாழும் கலெஞ்சின் மக்களின் உடல்வாகு. இரண்டையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் உயரமான ஊர்கள் உலகில் எத்தனையோ உண்டு. கலெஞ்சின் மக்கள் வாழும் ஊர்களும் ரிஃப்ட் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கின்றன. அவற்றில் ஏன் ஈட்டென் என்ற கேள்விக்கு இந்த இரண்டு விடைகளும் பதில் சொல்வதில்லை. என் பார்வையில் அதற்கான விடை ஒரு பள்ளி விடுதியில் இருக்கிறது. பள்ளி விடுமுறைகளில் அங்கு நடந்த இளையோர் முகாமும், அதன் வழியாக உருவான மனிதக் கூட்டமுமே இந்த ஆய்வின் பொருள்.

பின்னணி

ஈட்டெனில் உள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் உயர்நிலைப் பள்ளி, பேட்ரீசியன் சபை என்ற அயர்லாந்துக் கத்தோலிக்கத் துறவியர் சபையால் 1961இல் தொடங்கப்பட்டது. (சென்னை அடையாற்றில் உள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியும் இதே சபையினுடையதுதான்.) ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் வெண்கலம் வென்ற மைக் பாய்ட் இங்கே படித்தவர். அதாவது, நான் சொல்லப்போகும் மனிதர் வந்து சேரும் முன்பே இந்த மைதானத்தில் ஓட்டம் இருந்தது. அதை மறைத்துவிட்டுக் கதை சொல்வது நியாயமல்ல.

1976இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தைச் சேர்ந்த அருட்சகோதரர் கொலம் ஓ'கானல் அங்கு வந்தார். வந்தது புவியியல் கற்பிக்க. தடகளத்தில் பயிற்சியோ பட்டமோ அவருக்குக் கிடையாது. அப்போது மாணவர்களின் ஓட்டப் பயிற்சியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் பீட்டர் ஃபாஸ்டர் என்ற ஆங்கிலேய இளைஞர். மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் வெண்கலம் வென்ற பிரெண்டன் ஃபாஸ்டரின் தம்பி. அவர் ஊர் திரும்பியபோது பொறுப்பு கொலமிடம் வந்தது.

பாடப்புத்தகம் இல்லாத ஆசிரியர், மாணவர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். எந்தப் பயிற்சிக்கு உடல் எப்படிப் பதில் சொல்கிறது, எப்போது பையன் களைத்துப்போகிறான், எப்போது மனம் சோர்கிறான் என்பதை நாள்தோறும் கவனித்தார். விடுதிப் பள்ளியாக இருந்ததால் மட்டுமே இது முடிந்தது. மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்துக்கு வந்து போகும் பயிற்சியாளருக்கு, காலையில் அந்தப் பையன் எப்படி எழுந்தான், இரவு என்ன சாப்பிட்டான் என்பது தெரிய வாய்ப்பில்லை.

கென்யா 1976, 1980 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளையும் புறக்கணித்தது. மேல்மட்டத்தில் கதவு அடைபட்டிருந்த அந்த ஆண்டுகளில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளே பிள்ளைகளுக்குப் பெரிய மேடை. 1986இல் ஏதென்ஸில் உலக ஜூனியர் தடகளப் போட்டி முதன்முறையாக நடந்தபோது, கென்ய அணியின் பெரும்பகுதி கொலமின் மாணவர்களாக இருந்தார்கள். அந்த அணியின் பீட்டர் சும்பா 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1988 சோல் ஒலிம்பிக்கில், செயின்ட் பேட்ரிக்ஸ் மாணவர் பீட்டர் ரோனோ 21 வயதில் 1,500 மீட்டர் தங்கத்தை வென்றார். அதே பள்ளியில் படித்த இப்ராஹிம் ஹுசைன் 1987இல் நியூயார்க் மாரத்தானையும் 1988இல் பாஸ்டன் மாரத்தானையும் வென்றிருந்தார்.

இதுவரை சொன்னது ஒரு நல்ல பள்ளியின், ஒரு நல்ல ஆசிரியரின் கதை. இதுபோன்ற பள்ளிகள் எல்லா நாட்டிலும் உண்டு. நம்மை நிறுத்தி யோசிக்க வைப்பது அடுத்து நடந்தது.

1989: பெண் பிள்ளைகள் வந்தார்கள்

கென்யப் பள்ளிகளுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களில் விடுமுறை. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டால் விடுதி காலி. 1989இல் கொலம் அந்தக் காலி விடுதியில் இளையோர் முகாம் நடத்தத் தொடங்கினார். எந்தப் பள்ளியில் படிப்பவரும் வரலாம். பெண் பிள்ளைகளும் வரலாம்.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். செயின்ட் பேட்ரிக்ஸ் ஆண்கள் பள்ளி. பள்ளி நடக்கும் நாட்களில் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. விடுமுறைதான் அந்த வாசலைத் திறந்தது. அன்றைய கென்யாவில் பெண்கள் ஓடுவதை யாரும் தொழிலாகவோ எதிர்காலமாகவோ பார்க்கவில்லை. பள்ளிப் போட்டிகளில் கலக்கிய பெண் பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் திருமணம், பிள்ளைப்பேறு என்று ஓட்டத்தைவிட்டு விலகிப்போவதே வழக்கம். கென்யப் பெண் ஒருவருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது 1996இல்தான்: அட்லாண்டாவில் 5,000 மீட்டரில் பாலின் கோங்கா வென்ற வெள்ளி. முதல் தங்கத்துக்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படியொரு சூழலில் 1989ஆம் ஆண்டிலேயே பதின்வயதுப் பெண் பிள்ளைகளை ஒரு துறவியின் பொறுப்பில், பள்ளி வளாகத்தில், தோழியரோடு தங்கிப் பயிற்சி பெறப் பெற்றோர் அனுப்பினார்கள் என்றால், அது அவர்மீதும் அந்தப் பள்ளியின்மீதும் வைத்த நம்பிக்கை. பயிற்சித் திட்டத்தைவிட இந்த நம்பிக்கையே முகாமின் முதல் சாதனை என்பேன்.

பலன் விரைவில் தெரிந்தது. முகாமுக்கு வந்த லிடியா செரோமெய், 1991இல் ஆண்ட்வெர்ப்பில் நடந்த உலக கிராஸ் கன்ட்ரி (மேடுபள்ளமான திறந்தவெளி ஓட்டம்) போட்டியின் ஜூனியர் பிரிவில் தங்கம் வென்றார். வயது 13. சாலி பார்சோசியோ 15 வயதில், 1993இல், பெரியவர்களுக்கான உலகத் தடகளப் போட்டியிலேயே 10,000 மீட்டரில் வெண்கலம் வென்றார். 1997இல் அதே தூரத்தில் உலகத் தங்கம். பின்னாளில் 800 மீட்டரில் உலகப் பட்டம் வென்ற ஜேனத் ஜெப்கோஸ்கெய், ரியோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் தங்கம் வென்ற விவியன் செருயோட் ஆகியோரும் இந்த முகாம்களின் வழியாக வந்தவர்களே.

முகாமின் உள்ளே

பார்க்கப் போகிறவர்களுக்கு முகாம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். நவீனக் கருவிகள் இல்லை. சோளமாவுக் களி, கீரை, பீன்ஸ், நிறையப் பால் ஊற்றிய தேநீர். மண் பாதையில் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து ஓடும்போது, பார்ப்பவருக்கு நடையா ஓட்டமா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாகத் தொடங்குவார்கள். தோள் இறுகியிருக்கிறதா, கை எங்கே ஆடுகிறது, கால் எப்படித் தரையைத் தொடுகிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்துவதில் கொலம் செலவிட்ட நேரம் அதிகம். கவனம், உடலின் நேர்நிலை, உறுதி, நேரப்பொருத்தம் என்ற நான்கையும் அவர் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார். வேகம் தானாக வரும். அதைப் பதினைந்து வயதில் பிழிந்தெடுத்துவிட்டால் இருபத்தைந்தில் ஒன்றும் மிஞ்சாது என்பதே இந்த முறையின் அடிப்படை.

பள்ளி வளாகத்தில் ஒரு வழக்கம் உண்டு. உலக அளவில் வென்று திரும்பும் முன்னாள் மாணவர் ஒரு மரக்கன்றை நடுவார். பக்கத்தில் அவர் பெயர் எழுதிய சிறு பலகை. காலையில் ஓடப்போகும் பதினான்கு வயதுப் பிள்ளை அந்தப் பலகைகளைக் கடந்துதான் போக வேண்டும். பெயருக்குரியவரே சில நாட்களில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பார். தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த வீரர் வேறு, நேற்று தன்னோடு களி சாப்பிட்ட வீரர் வேறு. இரண்டாவதைப் பார்த்த பிள்ளைக்கு உலகப் பட்டம் என்பது அடுத்த வீட்டு அக்காவோ அண்ணனோ செய்த காரியம். எட்ட முடியாதது என்ற எண்ணமே அங்கே எழுவதில்லை.

இன்னொன்று, முகாம் முடிந்ததும் பிள்ளைகள் வீட்டுக்கும் அவரவர் பள்ளிக்கும் திரும்பிவிடுவார்கள். ஆண்டு முழுவதும் பிடித்துவைத்துக்கொள்ளும் பயிற்சிக்கூடமாக அது இருக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் பலமாகவே பார்க்கிறேன். கற்றதை எடுத்துக்கொண்டு போன பிள்ளை, தன் பள்ளியில் மற்றவர்களுக்கு அதைச் செய்து காட்டியது. முகாமுக்கு நேரில் வராதவர்களுக்கும் அது அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. படிப்பும் கைவிட்டுப் போகவில்லை. பீட்டர் ரோனோவும் இப்ராஹிம் ஹுசைனும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். ஹுசைன் பின்னர் நைரோபியில் உலகத் தடகளச் சம்மேளனத்தின் வட்டார வளர்ச்சி மையத்தை வழிநடத்தி, பிற ஆப்பிரிக்க நாடுகளின் பயிற்சியாளர்களுக்கும் வழிகாட்டினார்.

கைமாறி வந்த 800 மீட்டர்

முகாமின் தாக்கம் நீடித்தது என்று சொன்னால் போதாது. அது எந்த வழியாக நீடித்தது என்று காட்ட வேண்டும். அதற்கு ஆண்கள் 800 மீட்டரை எடுத்துக்கொள்வோம்.

செயின்ட் பேட்ரிக்ஸ் மாணவர் வில்சன் கிப்கெட்டர் 1990இல் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் டென்மார்க் போனார். பிறகு அந்நாட்டுக்காகவே ஓடினார். 1997இல் பிரிட்டன் வீரர் செபாஸ்டியன் கோவின் பதினாறு ஆண்டுக்கால உலக சாதனையை முறியடித்து, அந்த ஆண்டு ஆகஸ்டில் கொலோனில் 1 நிமிடம் 41.11 விநாடியில் ஓடினார். அது பதின்மூன்று ஆண்டுகள் நின்றது. 2010 ஆகஸ்டில் அதைத் தாண்டியவர் டேவிட் ருடிஷா. அவரும் கொலமின் மாணவர். ருடிஷா மாசாய் இனத்தவர். அவருடைய தந்தை டேனியல், 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். மகன் ஈட்டெனுக்கு வந்தபோது 400 மீட்டரிலும் பத்துப் போட்டிகள் கொண்ட டெகாத்லனிலும் நாட்டம் கொண்டிருந்தார். 800 பக்கம் திருப்பியவர் கொலம். அந்தப் பையனை ஒரு விளையாட்டு முகவரிடம் பரிந்துரைத்தவர், 1998 காமன்வெல்த் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்ற ஈட்டென் வட்டத்து மூத்த வீரர் ஜாஃபெத் கிமுட்டாய். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில், வேகம் கூட்டித்தர யாருமின்றித் தொடக்கம் முதல் தானே முன்னால் ஓடி, 1 நிமிடம் 40.91 விநாடி என்ற உலக சாதனையோடு ருடிஷா தங்கம் வென்றார்.

அடுத்தது இமானுவேல் வான்யோனி. வறுமையால் சிறுவயதில் பள்ளியைவிட்டு மாடு மேய்க்கப் போன பிள்ளை. அவரை அடையாளம் கண்டு, மீண்டும் படிக்க உதவி, ஓட்டத்தில் வளர்த்தவர் ஜேனத் ஜெப்கோஸ்கெய். ஆம், விடுமுறை முகாம்களில் சிறுமியாக ஓடிய அதே ஜேனத். வான்யோனி 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அதே மாதம் லோசானில் அவர் ஓடிய நேரம் 1 நிமிடம் 41.11 விநாடி. கிப்கெட்டரின் பழைய சாதனையோடு நூறில் ஒரு பங்கு விநாடிகூட மாறவில்லை.

வான்யோனி கொலமின் மாணவர் அல்லர். அதனால்தான் அவரை இங்கே குறிப்பிடுகிறேன். தொடங்கியவரின் கை படாத இடத்திலும் அவர் ஏற்படுத்திய வழக்கம் வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. மூத்தவர் இளையவரைத் தேடிப் போய்க் கைதூக்கிவிடுவது அங்கே இயல்பாகிவிட்டது.

எதையெல்லாம் முகாமின் கணக்கில் எழுதக் கூடாது

கென்யாவின் ஓட்ட வெற்றி முழுவதையும் ஒரு விடுதியின் பெயரில் எழுதுவது தவறு. கென்ய ஓட்ட வீரர் கிப் கெய்னோ 1968 ஒலிம்பிக்கிலேயே தங்கம் வென்றுவிட்டார். ஜான் ங்குகி போன்ற ஓட்ட வீரர்களை வளர்த்தது ராணுவம். அமெரிக்கக் கல்லூரிகளின் உதவித்தொகை பலருக்கு வழி திறந்தது. 1990களில் இத்தாலிய மருத்துவர் கேப்ரியேல் ரோசா போன்றோர் நிறுவன ஆதரவோடு தொழில்முறை முகாம்களை உருவாக்கினார்கள். மாரத்தான் பரிசுப் பணம் இளைஞர்களை ஆயிரக்கணக்கில் ஓட வைத்தது. ஓட்ட வீராங்கனை லோர்னா கிப்லகாட் ஈட்டெனிலேயே நிறுவிய உயரநிலைப் பயிற்சி மையம், மோ ஃபாரா போன்ற வெளிநாட்டு வீரர்களையும் ஊருக்கு வரவழைத்தது. இன்று ஊரின் தங்கும் விடுதிகளும் உணவகங்களும் பிழைப்பதில் இவை எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

ஆனாலும் ஒரு வேறுபாடு முக்கியமானது. தொழில்முறை முகாம் ஏற்கெனவே ஓடத் தெரிந்தவரை எடுத்துக்கொண்டு பரிசுக்குத் தயாராக்குகிறது. விடுமுறை முகாம் எடுத்துக்கொண்டது, இன்னும் எதுவும் ஆகாத பிள்ளையை. அங்கே முகவர் இல்லை, பரிசுப் பணத்தில் சதவீதம் இல்லை, பிள்ளை தோற்றாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

முகாம் எட்டாத இடம்

2021 அக்டோபர் 13. ஈட்டெனில் தன் வீட்டில் ஆக்னஸ் டிரோப் கத்தியால் குத்தப்பட்டு இறந்துகிடந்தார். வயது 25. அதற்கு முந்தைய மாதம்தான் ஜெர்மனியில் பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் 30 நிமிடம் 1 விநாடி என்ற உலக சாதனை படைத்திருந்தார். கணவர் கைது செய்யப்பட்டுக் கொலைக் குற்றம் சாட்டப்பட்டார். ஆறு மாதம் கழித்து அதே ஊரில் டாமரிஸ் முத்தீ என்ற மற்றொரு வீராங்கனை கொல்லப்பட்டார். 2024 செப்டம்பரில் கென்யாவில் வசித்த உகாண்டா வீராங்கனை ரெபெக்கா செப்டெகெய், பெட்ரோல் ஊற்றித் தீவைக்கப்பட்டு இறந்தார்.

இந்தச் சாவுகளை எந்த முகாமின் தலையிலும் சுமத்த முடியாது. ஆனால் ஓர் ஊரின் விளையாட்டுச் சமூகத்தைப் பற்றிப் பெருமையாக எழுதிவிட்டு இதைக் கடந்துபோக எனக்கு மனம் ஒப்பவில்லை. பதினைந்து வயதுவரை பள்ளி, ஆசிரியர், தோழியர் என்று வேலி இருக்கிறது. பள்ளி முடிந்து, முதல் பரிசுப் பணம் கைக்கு வரும் பதினெட்டு, இருபது வயதில் அந்த வேலி அகன்றுவிடுகிறது. அப்போது பயிற்சியாளர் என்றும் காதலர் என்றும் சொல்லிக்கொண்டு வரும் ஆண்கள், ஓடும் பெண்ணின் வங்கிக் கணக்கையும் நிலத்தையும் வாழ்க்கையையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கென்ய வீராங்கனைகளே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள்.

ஊக்கமருந்துச் சிக்கலும் இதே வயதில், இதே இடைவெளியில்தான் நுழைகிறது. பல கென்ய வீரர்கள் தடைக்கு உள்ளானதால் நாடே சர்வதேசத் தடையின் விளிம்புவரை போனது. அதைத் தவிர்க்க 2022இல் கென்ய அரசு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்குவதாக உறுதியளிக்க வேண்டியிருந்தது. தனியாக அறை எடுத்துத் தங்கி, அடுத்த போட்டிக்கு அழைப்பு வருமா என்று தவிக்கும் இளைஞனிடம் ஊசியோடு வருபவனுக்கு, விடுதியில் இருபது பேரோடு இருக்கும் பிள்ளையிடம் வர அவ்வளவு எளிதில் துணிவு வராது.

ஆக்னஸ் டிரோப்பின் மரணத்துக்குப் பிறகு அவருடன் ஓடிய பெண்கள் சும்மா இருக்கவில்லை. வயோலா செப்டூ உள்ளிட்ட வீராங்கனைகள் சேர்ந்து 'டிரோப்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு ஆலோசனையும் உதவியும் தருகிறார்கள்; பள்ளிகளுக்குப் போய்ச் சிறுமிகளிடம் பேசுகிறார்கள். சங்கமோ அரசோ செய்து தரும்வரை காத்திராமல் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அந்தப் பழக்கம், ஓட்டக் குழுக்களிலேயே அவர்களுக்குள் ஊறியது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்தச் சுமை முழுவதும் ஓடுகிறவர்கள் தோளிலேயே இருப்பது சரியல்ல. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுவரை உள்ள வீராங்கனைக்கு, பயிற்சியாளருக்கும் கணவருக்கும் முகவருக்கும் சம்பந்தமில்லாத ஒரு மூத்த வீராங்கனை துணையாக இருக்க வேண்டும். பரிசுப் பணம் அவர் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். பயிற்சியாளர் என்று சொல்லிக்கொள்பவர் யார், எங்கே பதிவு பெற்றவர் என்று ஊரில் யாரும் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். ஈட்டெனில் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சம்பளமும் அதிகாரமும் கொடுத்து அவர்களை அந்த வேலையில் அமர்த்த வேண்டியது கென்யத் தடகளச் சங்கத்தின் பொறுப்பு.